ருக்மணி பக்கம் இழுத்த கார்கள்

தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் வேப்பஞ்சத்திரம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, கார் வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே நேரத்தில் ஸ்டியரிங் கனத்துப்போனது. கடைவீதியில் திரும்பிக்கொண்டிருந்தவருக்குத் திரும்ப முடியவில்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தவருக்கு நேராகப் போக முடியவில்லை, வாசலில் சும்மா நின்ற கார்களின் முன்சக்கரங்களோ ஆளில்லாமலே நாலு விரல்கடை திரும்பிக்கொண்டன. ஊர் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. இதை யாரிடம் காட்டுவது என்றுதான் கேட்டது. காட்டுவதற்கு ஊரில் இருந்தது ஒரே ஆள், பைபாஸ் பிரிவில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்த தண்டபாணி.

முதலில் வந்தவர் வாடகைக் கார் சங்கத் தலைவர் கிட்டுசாமி. ஐம்பத்தெட்டு வயது ஆள், வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, இரண்டுமே அன்றைக்கு வியர்வையில் நனைந்திருந்தன.

"ஏனப்பா தண்டபாணி, ஆட்டுக்கல்லச் சுத்தற மாதிரி இருக்குதப்பா. ஒருபக்கம் பூவாட்டத் திரும்புது, இன்னொரு பக்கம் ரெண்டு ஆள் புடிச்சாலும் திரும்பறதில்ல. மீட்டர்ல மஞ்ச வெளக்கு வேற எரியுது."

மின்சார ஸ்டியரிங் கனத்தால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று தண்டபாணியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். டயரில் காற்றைப் பார்த்தான், சரியாக இருந்தது. பேட்டரியைப் பார்த்தான், ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், மோட்டாருக்குப் போகும் வயரையும் கீழே இருக்கும் இணைப்பையும் தடவிப் பார்த்தான், ஸ்கேனரைச் சொருகிக் கேட்டான். கோளாறே இல்லை என்றது ஸ்கேனர். நாலு சக்கரத்துக்கும் கிளாம்ப் மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாக் கோடும் பச்சை. முன்டயர் இரண்டையும் இடவலம் மாற்றிப் போட்டான். டயரில் தப்பு இருந்தால் இழுப்பு பக்கம் மாற வேண்டும், மாறவில்லை. கடைசியில் தானே ஓட்டிப் பார்த்தான். வடக்கே போகும்போது கார் வலப்பக்கம் இழுத்தது. திருப்பிக்கொண்டு தெற்கே வரும்போது இடப்பக்கம் இழுத்தது.

அங்கேதான் அவன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். வண்டியில் கோளாறு இருந்தால், வண்டி எந்தத் திசையில் போனாலும் அதே பக்கம்தான் இழுக்கும். போகும்போது வலம், வரும்போது இடம் என்றால் இழுப்பது வண்டியில் இல்லை, வெளியே எங்கேயோ கிழக்கில் இருக்கிறது. கிழக்கில் என்ன இருக்கிறது? பருத்தி குடோன், அதைத் தாண்டி மாட்டாஸ்பத்திரி, அதைத் தாண்டி தாலுக்கா ஆபீஸ். தாலுக்கா ஆபீஸில் அன்றைக்குக் காலை பத்தே காலுக்கு வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்டு இளநிலை உதவியாளராக உட்கார்ந்தவள் அவன் மனைவி ருக்மணி. அதற்கு முந்தின சனிக்கிழமை வரை, பதினொரு வருஷம், அவன் கடையில் பில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அங்கேயே உட்கார்ந்து பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் படித்து, நாலாம் தடவையில் பரீட்சை தேறியவள்.

தண்டபாணி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊர் என்ன லேசுப்பட்டதா? ருக்மணி மத்தியானம் மோர் வாங்க எதிர்க்கடைக்குப் போனாள், கார்கள் அந்தப் பக்கம் திரும்பின; ஆபீஸுக்குத் திரும்பினாள், இந்தப் பக்கம் திரும்பின. செவ்வாய்க்கிழமை அவள் பஞ்சாயத்துக்கு ஃபைல் எடுத்துக்கொண்டு போன வழி முழுக்க, ஒவ்வொரு வாசலிலும் நின்ற கார் அவள் கடக்கக் கடக்கச் சக்கரத்தைத் திருப்பியது. புதன்கிழமை டீக்கடையில் அதைப் பேசி முடித்துவிட்டார்கள்: கார்கள் ருக்மணி பக்கம் இழுக்கின்றன, அவ்வளவுதான் சங்கதி.

பழகாத விஷயம் என்று உலகத்தில் ஏது? பத்தே நாளில் ஊர் அதைப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் வடைப் பட்டியல் எழுதும் பலகையில் முதல் வரியாக "ருக்மணி: ஆபீஸில்" என்று எழுதி, அவள் நகர நகர அழித்து எழுதினார், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் கிளட்சு, பிரேக்கு என்று சொல்லிக்கொடுத்த பிறகு, "அக்கா இருக்கற தெசைய நெனப்புல வெச்சு ஓட்டுங்" என்று மூன்றாவதாகச் சொல்லிக்கொடுத்தார், கிழக்கே சோலி இருந்தவர்கள் அவள் ஆபீஸுக்குப் போகும் வேளை பார்த்து ஸ்டியரிங்கில் ஒற்றை விரலை வைத்துச் சொகுசாகப் போனார்கள், மேற்கே போக வேண்டியவர்கள் அவள் வீடு திரும்பும் மாலைவரை பஸ் ஸ்டாண்டு நிழலில் காத்துக் கிடந்தார்கள், உடுமலை போய்ச் சரிபண்ணி வரலாம் என்று கிளம்பியவர்கள் ஊரெல்லைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஸ்டியரிங் பாறையாகித் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் தம் காருக்கு முன்னால் எலுமிச்சை நசுக்கப் போய், கார் ருக்மணி பக்கம் திரும்பியதில் பக்கத்து வீட்டுக் கோழியை நசுக்கினார். காரணம் யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் களைத்த ஊர் அது.

ருக்மணி மட்டும் பழகவில்லை. பழகுவாளா? அவள் லேடி டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்தது. ஜவுளிக்கடை உள்ளறையில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரிந்தது. ஒரு நாள் ஆபீஸ் முடிந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கோயில் குளத்துப் படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து அழுதாள். வீடு திரும்பும்போது பூக்காரம்மா, "குளத்துல என்னங்க அம்மிணி அவ்வளவு நேரம்?" என்று அக்கறையாகத்தான் கேட்டாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

ஆனால் ஊர்வாய்கூடப் பெரிதில்லை, அந்தச் சக்கரங்கள்தான். காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், தெருவில் இரண்டு பக்கமும் நிற்கிற பதினாலு காரும் முன்சக்கரத்தைத் திருப்பி அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தண்டபாணி பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். அவள் சமையல்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போவாள். தெருவில் கரகரவென்று டயர் தரையில் உரசும் சத்தம் கேட்கும்.

"மாமா, எனக்கு அதுங்களப் பாத்தா நெஞ்சு அடைக்குதுங். ஒண்ணுங் கோவமாப் பாக்கறதில்ல. பிரியமாத்தான் பாக்குது. அதுதானுங் பயமா இருக்குது" என்றாள் ஒரு நாள்.

பிரியமா என்ற அந்தச் சொல்தான் அவனைக் குத்தியது, ஏனென்றால் மடியில் கனம் இருந்தவனுக்குத்தானே வழியில் பயம்.

கனம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங்கை நட்ட நடுவில் நிறுத்தி, இதுதான் நேர் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஜீரோ போடுவது என்று பெயர். ஸ்டியரிங் அசையாமலிருக்க சீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஜீரோ போட வேண்டும். தண்டபாணி ஒரு நாளும் கம்பி வைத்தவனில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கையாலேயே பிடித்து, எதிரே பார்ப்பான். எதிரே கடையின் நட்ட நடுவில் பில் மேஜை, மேஜைக்குப் பின்னால் ருக்மணி. அவள் மூக்குக்கு நேராகப் பிடித்து ஜீரோவை அழுத்துவான். பதினொரு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு கார். அத்தனைக்கும் நேர் என்றால் ருக்மணி என்றுதான் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். அந்த நாற்காலி அவளுடையது என்று இருந்தவரை, அவள் ராத்திரி வீட்டுக்குப் போனாலும், கார்கள் ஒழுங்காகத்தான் ஓடின; வேறொரு நாற்காலிக்கு அவள் கையெழுத்துப் போட்ட நொடியில்தான் அவளைத் தேட ஆரம்பித்தன.

மூன்றாம் நாளே அவனுக்கு இது விளங்கிவிட்டது. வெளியூரில் அலைன்மென்ட் பண்ணிய கார் ஒன்றுகூட இழுக்கவில்லையே. உடனே யாருக்கும் தெரியாமல் கிட்டுசாமியின் காரை ஏற்றி, சுவரைப் பார்த்து ஜீரோ போட்டான். கார் கிழக்கே இழுத்தது. கம்பியை முட்டுக்கொடுத்துப் போட்டான், முருகன் படத்தைப் பார்த்துப் போட்டான், கிழக்கேதான் இழுத்தது. எங்கே பார்த்து உட்கார்ந்தாலும், பொத்தானை அழுத்துகிற அந்த நொடியில் அவன் கண் அந்தக் காலி நாற்காலிக்கு ஓடி, அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று தேடியது. பதினொரு வருஷப் பழக்கம், லேசில் விடுமா?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் அடிக்கும் என்ற பயம் ஒன்று. அந்தப் பயத்துக்கு அடியில், சொல்லவே வெட்கமாக, ஒரு சின்ன ஆசை: இப்படியே போனால் அவளே வேலையை விட்டுவிட்டு வந்துவிடமாட்டாளா? அந்த ஆசையைக் கண்டு அவனுக்கே பயமாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் தாசில்தார் ஜீப், டிரைவர் ஒன்றுக்குப் போன நேரத்தில், தானாகச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு சரிவில் உருண்டு, ஆபீஸ் ஜன்னல் சுவரை இடித்து, ருக்மணியின் மேஜைக்கு இரண்டு விரல்கடையில் வந்து நின்றது. ஹேண்ட்பிரேக் சரியாகப் போடவில்லை என்று டிரைவரைத் திட்டினார்கள். ருக்மணி சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புத் தூசியோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். தண்டபாணி அவள் தலையைத் துடைத்துவிட்டான், அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் வாடகைக் கார் சங்கத்தார் தட்டம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு முழம் மல்லிகை. கூடவே கடையிலிருந்த அவளுடைய பழைய நாற்காலி, புது ரெக்சின் போட்டு, கைகளுக்குப் பஞ்சு வைத்து. பெண் கேட்க வருகிறவர்கள்கூட அவ்வளவு மரியாதையாக வரமாட்டார்கள்.

"அம்மிணி, உங்களக் கும்புட்டுக் கேக்கறமுங். வேலைய வுட்டுப்போட்டுப் பழையபடி கடையில உக்காந்துக்குங். காப்பி பலகாரமெல்லாம் வேளாவேளைக்கு வந்துரும். ஃபேன் மாட்டித் தரம். சும்மா உக்காந்திருந்தாப் போதுமுங்" என்றார் கிட்டுசாமி.

"நான் என்னங், மைல்கல்லா?"

"மைல்கல்லுக்கு யாருங் தட்டம் எடுத்துட்டு வருவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். அந்த நல்ல மனசுதான் தண்டபாணிக்குக் கிலியாக இருந்தது, ஏனென்றால் கெட்டவனோடு சண்டை போடலாம், தட்டம் எடுத்து வந்தவனோடு என்ன செய்ய? ருக்மணி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங் மாமா. நான் உக்காரட்டுமா?"

ஒரே ஒரு வாய்ச்சொல். வேண்டாம் என்றால் முடிந்தது.

"உன்ற இஷ்டம்" என்றான் தண்டபாணி.

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். "யோசிச்சுச் சொல்றேனுங்" என்று தட்டத்தைத் தொடாமல் உள்ளே போனாள்.

யோசிக்க ஊர் விட்டால்தானே. வியாழக்கிழமை நல்ல முகூர்த்தம். ஒன்பதரை மணிக்கு ருக்மணி வழக்கம்போல் பருத்தி குடோன் மதிலை ஒட்டி நடந்து போனாள். எதிரே மாப்பிள்ளை அழைப்பு, பூச்சரம் கட்டிய முப்பது கார், முப்பதும் தண்டபாணி கைபட்டவை. முதல் கார் அவளைப் பார்த்துத் திரும்பியது. டிரைவர் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த கார் அதன் பக்கத்தில் நுழைந்து திரும்பியது, அதன் பின்னால் வந்தது இதன் முதுகில் இடித்துத் தள்ளியது, ஆளாளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள், ஒருவனாலும் ஒடிக்க முடியவில்லை, பிரேக் கிறீச்சிட, மேளக்காரர் கதவைத் திறந்து குதிக்க, பூச்சரம் அறுந்து விழ, முப்பது மூஞ்சியும் மதிலைப் பார்த்து அரைவட்டமாக நெருங்கி, நெருங்கி, முதல் காரின் பம்பர் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது. அவள் கத்தக்கூட இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலில் ஒட்டி நின்றாள்.

சத்தம் கேட்டுத் தண்டபாணி ஓடி வந்தான். கார்களின் மேலே ஏறி, ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவி, அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் இறங்க இடமில்லாமல், மதிலை ஒட்டி அவள் பக்கத்தில் இறங்கினான். பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக ரிவர்ஸில் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று யாரோ கத்தினார்கள். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. எஞ்சின் உதறலில் பம்பரின் நம்பர் பலகை கடகடவென்று ஆடியது.

"ருக்கு, இது நான் செஞ்ச பாவம்."

"என்னங் சொல்றீங்க?"

"ஜீரோ போடறப்ப ஒருநாளும் கம்பி வெச்சதில்ல. உன்னப் பாத்துத்தான் நேர் புடிச்சேன். எல்லாக் காருக்கும்."

அவள் திரும்பவில்லை, திரும்ப இடமும் இல்லை.

"எப்பத் தெரியுமுங் உங்களுக்கு?"

"மூணா நாளே."

"தெரிஞ்சுதான் அன்னிக்கு 'உன்ற இஷ்டம்'னீங்களா?"

அவன் அழுதான். முப்பது காரும் கல்யாண வீட்டாரும் பார்க்க, மதிலில் தலையை முட்டி அழுதான். "நீ திரும்பி வந்துருவேன்னு நெனச்சேன். நீ இல்லாத அந்த மேஜையப் பாக்கவே என்னால முடியல ருக்கு. உன்னக் கொன்னுருப்பேன். இதா, இப்பவே கொன்னுருப்பேன்."

ஒரு கார் பின்வாங்கியது, இன்னொரு கார் பின்வாங்கியது.

"சரி பண்ண முடியுமாங்?"

"நான் பண்ணுனா மறுபடி உன்னத்தான் பாக்கும். பண்ணிப் பாத்துட்டேன்."

"அப்ப நான் பண்றேன். நீங்க கீழ இருங்க" என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய இருந்தது.

ஊர் அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டது. கிட்டுசாமிக்கு விஷயம் தெரிந்ததும் அடிக்கத்தான் வந்தார். வந்தவர் பாதியில் நின்று, "பொண்டாட்டியப் பாத்து அலைன்மென்ட் பண்ணிருக்கறான் பாரு, கெரகம் புடிச்சவன்" என்றார், அதற்குமேல் அடிக்க அவருக்குக் கை எழவில்லை. தாசில்தாரம்மா, காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு ருக்மணியின் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ருக்மணி கடையில் இருந்ததால் கார்கள் கூப்பிடாமலே வந்தன. வரிசையில் நின்றவை முந்திக்கொண்டு வராமலிருக்க ஒவ்வொன்றின் சக்கரத்துக்கும் முன்னால் கல் வைத்தார்கள்.

பத்தொன்பது நாள். தண்டபாணி காருக்கடியில் குழிக்குள் நின்று, சக்கரத்தைத் திருப்புகிற டை ராடைத் திருகுவான். மேலே டிரைவர் சீட்டில் அவள். அவள் முகம் அவனுக்குத் தெரியாது. "ம்" என்று மட்டும் கேட்கும், ஸ்கேனர் ஒரு முறை கீச்சென்னும், அந்தக் கார் வெளியே போய்த் தெற்கும் வடக்கும் நேராக ஓடும். ஒவ்வொரு முறையும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாளாக ஆக வேறொரு பயம் பிடித்தது: அவள் எதைப் பார்த்துப் பிடிக்கிறாள்? அவனைப் பார்த்து இல்லை, அவன் குழிக்குள் அல்லவா இருக்கிறான். ஆபீஸையா? பஸ் போகிற ரோட்டையா? கேட்காமல் அடுத்த காரைக் குழிக்கு மேல் ஏற்றச் சொன்னான். வீட்டில் அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

கடைசிக் கார் அவர்களுடையது, ஹாரன் மட்டும் நன்றாக வேலை செய்யும் ஒரு பழைய சின்னக் கார். அதற்கும் ஜீரோ போட்டு முடிந்ததும் இரண்டு பேருமாக ஏறி, உடுமலை ரோட்டில் மேற்கே கிளம்பினார்கள். பட்டப்பகல், ரோடு காலி. பக்கத்து சீட்டில் ருக்மணி இருந்தாள். கார் அவள் பக்கம் இம்மிகூடச் சாயவில்லை. பாலத்தைத் தாண்டியும் ஸ்டியரிங் வெண்ணெயாக இருந்தது. தண்டபாணி இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கார் நேராகப் போனது. தன் பக்கம் ஒரு நூல் இழுக்காதா என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இழுக்கவில்லை.

"எதப் பாத்து நேர் வெச்சே ருக்கு?" என்றான் கடைசியில்.

"எதையும் பாக்கலீங்."

"பாக்காம எப்படி?"

"கண்ண மூடிக்கிட்டனுங். ரெண்டு கையிலயும் ஒரே கனம் வந்தப்ப நிறுத்துனேன்."

"எல்லாத்துக்குமா?"

"அறுநூத்திப் பன்னெண்டுக்கும். எதப் பாத்தாலும் அதுக்கு என்ற கதி வந்துருமேன்னு பயம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கண்ணத் தொறந்திருந்தா, குழிக்குள்ள நீங்க நிக்கறதத்தான மாமா எட்டிப் பாத்திருப்பேன்?"

தண்டபாணியின் கைகள் மடியிலேயே கிடந்தன. கார் தன்பாட்டுக்கு ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

"வளைவு வருதுங், புடிங்க" என்றாள் ருக்மணி.